காற்று நுழையாத வெப்பமண்டலம்

பல்பொருள் அங்காடிகளும் பெரிய துணிக்கடைகளும் தம் உட்புறத்தைப் புதுப்பிக்கும்போது நாடும் பாணிகளுள் 'வெப்பமண்டல நவீனம்' இப்போது முன்வரிசையில் நிற்கிறது. பிரம்பு இருக்கைகள், தேக்குநிறச் சட்டங்கள், துளைகள் கொண்ட ஜாலிக்கற் சுவர், பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து மெருகேற்றிய டெர்ராசோ தரை, அகன்ற இலைச் செடிகள், கூரையிலிருந்து இறங்கும் கொடிகள் ஆகியவை ஒன்றுசேர்ந்தால் இப்பாணி அமைந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2024-இல் கானா, இந்தியா ஆகிய நாடுகளின் விடுதலைக்காலக் கட்டடங்களை முன்வைத்து இதே பெயரில் ஒரு கண்காட்சியை நடத்தியதிலிருந்து இப்பெயருக்குப் புதியதொரு மதிப்பும் கூடியிருக்கிறது. அந்த மதிப்பின் நிழலில் கடை அலங்காரமும் வந்து ஒதுங்கிக்கொள்கிறது. சிங்கப்பூரிலோ கொழும்பிலோ பாங்காக்கிலோ இருக்கும் கடை ஐரோப்பியக் கடைத்தெருவின் நகலாக ஏன் இருக்க வேண்டும் என்று இப்பாணிக்காக வாதாடுவோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது, அதற்கு அவர்கள் தரும் விடைதான் ஆராயத்தக்கது.

இப்பாணியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. வெள்ளை விளக்கொளியும் உலோக அடுக்குகளும் கண்ணைக் கூசச் செய்த பழைய தளத்தைவிட, மரமும் பிரம்பும் நெசவும் கலந்த தளம் கண்ணுக்கு இதமானது; துணியும் நாரும் ஓசையை உள்வாங்குவதால் இரைச்சலும் தணிகிறது; பிரம்பு முடைவோருக்கும் கைத்தறி நெசவாளருக்கும், அவர்களிடமே பொருளை வாங்கும்வரை, நல்ல வேலை கிடைக்கிறது. கண்டியில் 1950-ஐ ஒட்டிக் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் தும்பறைப் பாய்நெசவையும் உள்ளூர்க் கைவினைகளையும் நவீனக் கட்டடத்தின் உறுப்பாகவே பயன்படுத்திய இலங்கைக் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வாவின் முன்னுதாரணத்தைக் கடை அலங்காரர்கள் சுட்டுவதும் தவறன்று. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், இக்கடைகளில் இல்லாத ஒன்றைப் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. அது காற்று.

வெப்பமண்டல நவீனம் என்று வரலாற்றில் பெயர்பெற்றது, அடிப்படையில், வெயிலையும் மழையையும் ஈரப்பதத்தையும் எந்திரத்தின் துணையின்றிச் சமாளிக்கும் கட்டுமான முறை. பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களான மாக்ஸ்வெல் ஃபிரையும் ஜேன் டுரூவும் 1956-இல் வெளியிட்ட ஈரவெப்ப நாடுகளின் கட்டடக்கலை பற்றிய நூலும், மைசூர் அரசின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பர்கருக்குப் பெரும்பங்குள்ள, லண்டனில் 1954-இல் தொடங்கிய வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறையும் எடுத்துக்கொண்ட கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே: சுவர் எத்திசை நோக்க வேண்டும், கூரை விளிம்பு எவ்வளவு நீள வேண்டும், காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேற வேண்டும். அத்துறைக்குக் காலனியாட்சியின் கறை உண்டு என்பதும், உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் அறிந்திருந்தவற்றையே அது புதுக் கண்டுபிடிப்புப்போல் எழுதிவைத்தது என்பதும் வேறு வழக்குகள். ஜாலிக்கல் அழகாக இருந்தது உண்மையே. ஆயினும் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவதற்காகவே அது சுவரில் ஏறியது.

பெருங்கடையின் உட்புறத்தில் அதே ஜாலிக்கல்லுக்கு நேர்வதை அருகில் சென்று பார்த்தால் விளங்கும். துளைகளின் வழியே வெளிச்சம் தெரியும்; அது பகலொளி என்று தோன்றும்; கையை நீட்டினால் நான்கு விரல்கடைக்குள் பால்நிற அக்ரிலிக் தகடு தட்டுப்படும், அதன் பின்னால் எல்.இ.டி. பட்டை ஓடும், அதற்கும் பின்னால் ஜிப்சம் பலகை நிற்கும். சாய்சட்டங்கள், அதாவது சன்னலில் சாய்வாகப் பொருத்தி மழையை மறித்துக் காற்றை விடும் மரப்பட்டைகள், இங்கே திறக்கவும் மூடவும் இயலாதபடி சுவரோடு திருகப்பட்டிருக்கும். ஓலை வடிவ இறக்கைகள் கொண்ட மின்விசிறி தலைக்குமேல் எண்ணிவிடக்கூடிய வேகத்தில் சுழலும். குளிர்காற்று அதற்குப் பக்கத்தில் ஃபால்ஸ் சீலிங்கில் உள்ள கிராதி வழியே வரும். வேலை செய்வதற்கென்று பிறந்த ஒவ்வோர் உறுப்பும் இங்கே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, தோற்றத்துக்கு மட்டும் சம்பளம் பெறுகிறது.

இது அலங்காரரின் சோம்பலால் நேர்ந்த குறை எனில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் குறை, 'பெரிய கடை' என்பதிலுள்ள 'பெரிய' என்ற அடைமொழியிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சன்னல் உள்ள அறையில் இயற்கைக் காற்று கூரை உயரத்தின் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழம்வரையும், எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் ஏறத்தாழ ஐந்து மடங்குவரையும் பயன்தரும் என்பது கட்டடக்கலைஞர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. நான்கு மீட்டர் உயரத் தளத்துக்கு அது 20 மீட்டர். பெருங்கடையின் தளமோ 50, 60 மீட்டர் அகலத்தை எளிதில் தாண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசின் பான் மார்ஷே போன்ற கடைகள் இச்சிக்கலை அறிந்திருந்ததால், நடுவில் தளங்களைத் துளைத்துக் கண்ணாடிக் கூரையிட்ட ஒளிக்கூடங்களை வைத்தன. டெட்ராய்ட் நகரின் ஹட்சன் அங்காடியில் 1924-இல் கேரியர் நிறுவனத்தின் பெருங்குளிரூட்டிகள் பொருத்தப்பட்டதும், பின்னர் குழல்விளக்கு மலிந்ததும், கடைக்கு வானத்தின் தயவு தேவையற்றதாயிற்று. பல கடைகளில் ஒளிக்கூடங்கள் தளமிட்டு மூடப்பட்டு விற்பனைப் பரப்பாயின. இன்று 'வெப்பமண்டல' வேடம் பூணும் கடை அந்த மூடிய பெட்டியின் நேர்வாரிசு. பெட்டியில் ஒரு துளைகூட இடாமல் உட்சுவரை மட்டும் மாற்றுகிற திட்டம், எத்தனை பிரம்பு வாங்கினாலும், அந்த வமிசத்திலிருந்து வெளியேற முடியாது.

செடிகளைப் பற்றிய வாதம்தான் இப்பாணிக்காரர்களின் பெருங்கேடயம். மனிதமனம் இயற்கையோடு இயல்பாகவே ஒட்டுறவு கொண்டது என்னும் உயிரியலாளர் எட்வர்ட் வில்சனின் கருத்தை (அவருடைய நூல் 1984-இல் வந்தது) அடியொற்றி, கட்டடத்துக்குள் செடி, நீர், மரம் முதலியவற்றைக் கொண்டுவருவதை 'உயிர்நேய வடிவமைப்பு' என்பர். அதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்தாளப்படுவது, அதே ஆண்டில் வெளிவந்த ரோஜர் உல்ரிக்கின் ஆய்வு. பென்சில்வேனிய மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், சன்னலுக்கு வெளியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற் சுவரைக் கண்டவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினர் என்று அது காட்டியது. அந்த ஆய்வின் உயிர்நாடி சன்னல். சன்னலே இல்லாத தளத்தில் தொட்டிச் செடியை வைத்துவிட்டு அதை மேற்கோள் காட்டுவது, ஆய்வைப் படித்தவர் செய்யக்கூடியதன்று. செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்ற வாதத்தின் நிலை இன்னும் மோசம்: நாசாவின் 1989-ஆம் ஆண்டு ஆய்வு அடைத்த சிறு பேழைகளுக்குள் நடந்தது; 2019-இல் வெளியான மறுபரிசீலனை ஒன்று, சாதாரணக் கட்டடத்தின் காற்றுப் பரிமாற்றத்துக்கு ஈடாகச் செடிகள் உழைக்க வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டது. அத்தனை செடிகளை வைத்த பிறகு சட்டை மாட்டவும் இடமிராது.

செடிகள் காற்றுக்கு உதவாமல் இருப்பது ஒருபுறமிருக்க, அவை எந்திரத்தின் சுமையைக் கூட்டவும் செய்கின்றன. ஈரவெப்ப நாட்டில் குளிரூட்டியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பதில் செலவாகிறது. செடியோ இலைவழியே ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. சுவர் முழுக்கச் செடி வளர்த்துச் சொட்டுநீர் பாய்ச்சும் 'பசுஞ்சுவர்' அதைப் பலமடங்காக்குகிறது. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவை எட்டும் நாட்டில் பிறந்த செடிக்குக் கடைக்குள் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு லக்ஸ் என்பதால், அது வாடாதிருக்கத் தனி விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கின் வெப்பத்தையும் அதே குளிரூட்டியே அகற்ற வேண்டும். அப்படியும் தாங்காத செடியைப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் விடியுமுன் எடுத்துச் சென்று வேறொன்றை வைத்துவிடுவதால், வாடிக்கையாளர் கண்ணுக்கு அது என்றும் மார்க்கண்டேயன்தான். இரவில் குளிரூட்டியை நிறுத்திய பின் வெளியீரம் உள்ளே கசிந்து பிரம்பிலும் பாயிலும் பூஞ்சை படரும் தொல்லையும் உண்டு. இச்செடிகளின் பூர்வீகத்தைப் பார்த்தால் 'இடத்துக்குரியது' என்ற வாதமும் நிற்காது: மான்ஸ்டெரா மத்திய அமெரிக்கக் காட்டுக்கொடி, அரேகா பனை மடகாஸ்கருக்குரியது, மணி பிளாண்ட் பிரெஞ்சுப் பாலினீசியத் தீவிலிருந்து வந்தது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு வெப்பமண்டலத்தை எந்த ஊரிலும் அமைத்துக்கொள்ளலாம்.

இப்போக்கின் உச்சங்களைப் பார்த்தாலும் கதை மாறுவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2016-இல் திறக்கப்பட்ட ஆப்பிள் கடை தொட்டிகளில் ஃபைக்கஸ் மரங்களை நட்டது. அங்கே முகப்பு சதுக்கத்தை நோக்கித் திறந்துகொள்கிறது, ஊரின் தட்பவெப்பமும் அதற்கு இடம்கொடுக்கிறது. அதே நிறுவனம் 2020-இல் பாங்காக்கில் திறந்த கடை, கண்ணாடிச் சுவர் சூழ்ந்த வட்டக்கூடத்தின் நடுவே மரக்கவிகை வடிவில் ஒரு பெருந்தூணை எழுப்பி, அதற்கு 1,461 ஐரோப்பிய ஓக் சட்டங்களால் மேலுடை போர்த்தியது. தேக்கு விளையும் நாட்டில், தெருவின் ஓரத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த மரத்தால் ஆன மரத்தின் உருவம் குளிரூட்டப்படுகிறது. சிங்கப்பூர் சாங்கியின் ஜூவல், 2019-இல் திறந்தபோது, இதைவிட நேர்மையாக நடந்துகொண்டது எனலாம்: அதுவும் குளிரூட்டிய கண்ணாடிக் குமிழ்தான் என்றாலும், 40 மீட்டர் உயர அருவிக்கும் அதைச் சூழ்ந்த மரங்களுக்கும் கட்டடத்தின் நடுவயிற்றையே விட்டுக்கொடுத்ததால், அங்குள்ள செடிகளுக்கு உண்மையான வெயில் கிடைக்கிறது. விற்றிருக்கக்கூடிய இடத்தை விற்காமல் விடுவது என்ற ஒரு விலையை அது கொடுத்தது. உள்ளலங்காரத் திட்டங்கள் கொடுக்க மறுப்பது அந்த விலையைத்தான்.

வெப்பமண்டலக் கட்டடம் தொடங்குவதே விட்டுக்கொடுத்த இடத்தில். இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களில் கண்ணைக் கவரும் பொருள்களை அகற்றிவிட்டாலும் கட்டடம் அப்படியே நிற்கும். முற்றத்தை அகற்றினால் ஒன்றும் மிஞ்சாது. கொழும்பு ஆல்ஃபிரட் ஹவுஸ் சாலையில் அவர் 1960-களின் தொடக்கத்தில் ஒரு மருத்துவருக்காகக் கட்டிப் பின் தம் அலுவலகமாக்கிக்கொண்ட வீடு, 1998 முதல் 'பாரடைஸ் ரோட்' நிறுவனத்தின் உணவகமும் கலைக்கூடமும் கடையுமாக இயங்குகிறது. அங்கே வணிகம் நடக்கிறது, காற்றும் நடக்கிறது. காரணம், கூரையுள்ள பகுதிகள் அகலம் குறைந்து முற்றங்களை ஒட்டிக் கிடப்பதுதான். இதற்கு நேர்மாறான பாடமும் பாவாவிடமே உண்டு. 1970-களின் பிற்பகுதியில் கொழும்பில் அவர் அமைத்த பன்னிரண்டு மாடி அரசு ஈட்டு வங்கிக் கட்டடம், உயர்ந்த கட்டடத்தையும் காற்றே குளிர்விக்க முடியும் என்பதற்காக வடிவமைக்கப்பட்டது; குடியேறியவர்கள் உள்ளே எழுப்பிய தடுப்பறைகள் அந்தக் காற்றோட்டத்தைக் கெடுத்தன. சுவர்கள் அனைத்தும் காற்றுக்குத் திறந்திருந்த கட்டடத்தையே உள்ளமைப்பு மூச்சுத்திணற வைத்தது என்றால், சுவர் முழுதும் மூடிய கட்டடத்தில் உள்ளமைப்பு மட்டும் காற்றைக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

பாவாவும் இலங்கை நாடாளுமன்ற மண்டபத்தைக் குளிரூட்டினாரே என்று ஒருவர் கேட்கலாம். அவர் குளிரூட்டியை மறைக்க ஓலையைத் தொங்கவிடவில்லை. குளிரூட்டியே கூடாது என்ற வாதமும் இங்கே எழவில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி.இ.4 கட்டடம் 2019 முதல், சற்றே கூடுதலான வெப்பநிலையில் காற்றை அனுப்பி, மின்விசிறியால் அதை உடலில் படச்செய்யும் கலப்புமுறையில் இயங்குகிறது; விசிறிக் காற்று சரியான வேகத்தில் வீசினால் இரண்டு மூன்று டிகிரி கூடுதல் வெப்பம் உடலுக்கு உறைப்பதில்லை. அலங்காரத்துக்குச் சுழலும் அதே விசிறியை வேலைக்கு அமர்த்தினால் போதும். ஆயினும் கம்பளிச் சட்டையும் தோல் மேலங்கியும் விற்கும் கடை, வாடிக்கையாளர் அவற்றை உடுத்திப் பார்க்கும் அளவுக்குக் குளிர வேண்டும் என்று நினைப்பதால், விசிறிக்கு அந்த வேலை தரப்படுவதில்லை.

பெருங்கடைகளில் பெரும்பாலானவை மால்களில் வாடகைக்கு இருப்பவை, குளிர்நீரும் வெளிச்சுவரும் மால் உரிமையாளருடையவை, அலங்காரர் என்ன செய்வார் என்பது இறுதியில் வரும் சமாதானம். அதில் உண்மை உண்டு. அப்படியானால் அந்த அலங்காரத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டாதிருப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தெருவை நோக்கிய சொந்தக் கட்டடம் உள்ள கடைகளுக்கோ இச்சமாதானமும் கிடையாது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தமிழ் வணிகர் தலைமுறைகளாகக் கடை நடத்திய கடைவீடுகள், குறுகிய முகப்பும் மிக நீண்ட உட்புறமும் கொண்டவை; ஆழம் பெரிது என்பதற்காக அவை மூடிய பெட்டிகளாகிவிடவில்லை. நடுநடுவே கூரையைத் திறந்து காற்றுக்கிணறு எனத்தக்க சிறு முற்றங்களை வைத்து ஒளியையும் காற்றையும் உள்ளிறக்கின. 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்ட விதிகளின் வழிவந்த ஐந்தடி நடைவழியால், முகப்பில் நிழலும் மழைக்காப்புமான ஓர் இடத்தைத் தெருவில் போவோருக்கு விட்டுவைத்தன. இன்றைய கடை ஒன்று தன் தரைத்தளத்தில் அதே ஐந்தடியை உள்வாங்கி ஒரு தாழ்வாரம் அமைப்பதற்குப் பிரம்பும் வேண்டியதில்லை, மான்ஸ்டெராவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்தடியில் அடுக்கியிருக்கக்கூடிய சரக்கின் கணக்கை யாரேனும் போட்டுக் காட்டியதும், வரைபடத்தின் முதல் திருத்தத்திலேயே தாழ்வாரம் அடிபட்டுப் போகிறது.