பற்றுப் பக்கத்தை எழுதியவர்: ப. சிங்காரத்தின் நாவற்கலை

செட்டிநாட்டு ஊர்களின் நெடிய வளவுகளைக் காண வருவோர், பர்மாத் தேக்குத் தூண்களைக் கண்டு வியந்து நிற்கின்றனர். கடல் கடந்து ஈட்டிய பொருளின் வரவுப் பக்கம் அது. எந்தப் பேரேட்டிலும் பற்றுப் பக்கம் ஒன்றும் உண்டன்றோ? இளவயதிலேயே கப்பலேறி, வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன்களாகவும் அடுத்தாட்களாகவும் உழைத்து, இளமையை அக்கரையிலேயே செலவழித்தோரின் வாழ்வே அப்பக்கம். அதனை எழுதிவைத்தவர், இன்றைய சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920ஆம் ஆண்டு பிறந்த ப. சிங்காரம்.

1938ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், சுமத்ராத் தீவின் மேடான் நகரத்துக் கடையொன்றில் பணியாற்றச் சென்றார் அவர். போரின் கொடுமையை அங்கே கண்ணாரக் கண்டார். பேறுகாலத்தில் மனைவியையும் குழந்தையையும் இழந்தார். 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணிபுரிந்து, மறுமணம் செய்யாது தனியறையில் வாழ்ந்து, 1997ஆம் ஆண்டு இறுதியில் மறைந்தார். தம் சேமிப்பை ஏழை மாணவர் கல்விக்கு அளித்தார். எழுதிய நாவல்கள் இரண்டே.

1959இல் நூலாக வந்த 'கடலுக்கு அப்பால்' அளவான படைப்பு. வட்டிக்கடை அடுத்தாளான செல்லையா, நேதாஜியின் படையில் சேர்ந்து போர்வீரனாகித் திரும்புகிறான். தம் மகளை அவனுக்குக் கொடுக்க முதலாளி மறுக்கிறார். துப்பாக்கி ஏந்திய கை இனிப் பேரேட்டுக்கு உதவாது என்பது அவர் துணிபு. இங்கே முதலாளியைக் கொடியவராகத் தீட்டாமையே ஆசிரியரின் பெருமை. இருவர் பக்கமும் நியாயம் உண்டு; ஆயினும் இரு உள்ளங்கள் நொறுங்குகின்றன.

1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' இதனினும் விரிந்தது. சப்பானியர் நுழைந்த மேடானில் கொள்ளையரின் வெட்டுண்ட தலைகள் மேசைமீது காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ஆசிரியர் அலறுவதில்லை; அறம் உரைப்பதுமில்லை; காட்டிவிட்டு நகர்கிறார். மலாய்ச் சொற்களும் செட்டிநாட்டுக் கடைவழக்கும் கலந்த நடையில், நாயகன் பாண்டியனின் நினைவு மதுரை வீதிகளுக்கு ஓடி மீள்கிறது. தாயகம் திரும்ப எண்ணிய வேளையில் அவன் அந்நிய மண்ணிலேயே மடிகிறான்.

தமிழர் பழம்பெருமையை இந்நாவல் எள்ளி நகையாடுகிறது என்பது சிலர் குறை. எள்ளல் உண்மையே. ஆனால் அது வெளியே நின்று எறிந்த கல் அன்று. முன்னோர் ஆண்ட கதையைப் பேசிக்கொண்டே, பிறர் கடையில் கணக்கெழுதிய இளைஞர் நடுவே வாழ்ந்தவரின் சிரிப்பு அது. பழம்பெருமை பசியையும் தனிமையையும் ஆற்றாது என்பதை அவர் பட்டறிந்தவர். இச்சிரிப்பை நாம் ஆன்ம சோதனை என்றே கொள்வோம். மேடையேறிப் பேசும் நம்மைப் போன்றோர்க்கு அது மிகவும் வேண்டப்படுவது.

குறையே இல்லை எனக் கூறோம். பிற்பகுதியில் சாகசச் செயல்கள் மிகுந்து, பாண்டியன் சில இடங்களில் மனிதனை விட்டு வீரக்கதைத் தலைவனாகிவிடுகிறான். பெண் மாந்தரின் அகம் போதிய அளவு திறக்கப்படவில்லை. ஆயினும் இக்குறைகள் நூலின் உண்மையைக் குலைப்பன அல்ல.

இந்நூல்கள் அச்சேறுவதற்கு நெடுங்காலம் காத்திருந்தன. வந்தபின்பும் பல்லாண்டுகள் போற்றுவாரின்றிக் கிடந்தன. இன்று திறனாய்வாளர் பலர் இவற்றைத் தமிழின் சிறந்த நாவல்களுள் வைத்து எண்ணுகின்றனர். நம் இல்லங்களிலிருந்து இன்றும் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணுகிறோம். அவர்கள் இழப்பதை எண்ணுகிறோமா? அன்புடையீர், 'கடலுக்கு அப்பால்' நூலை முதலில் வாசியுங்கள். பின்னர்த் தோணியில் ஏறுங்கள். அதன்பின், கடல் கடந்திருக்கும் உங்கள் மகனுக்கு ஒரு மடல் எழுதுங்கள். பணத்தைப் பற்றி அல்ல, அவன் நலத்தைப் பற்றி.