தலையில்லாத பூநாரை

உருண்டையாக ஒரு இளஞ்சிவப்பு உடல், கீழே குச்சி மாதிரி இரண்டு கால்கள். தலையும் இல்லை, கழுத்தும் இல்லை. 2024இல் '1839' புகைப்பட விருதுகளின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் இந்தப் பூநாரைக்கு நடுவர்கள் மூன்றாம் இடம் கொடுத்தார்கள். மக்கள் வாக்கிலும் அதுவே வென்றது. பிறகுதான் படத்தை அனுப்பிய மைல்ஸ் ஆஸ்ட்ரே உண்மையைச் சொன்னார்: அரூபா தீவில் அவரே கேமராவில் எடுத்த படம் அது. பறவை குனிந்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். படத்தைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

முந்தைய ஆண்டு சோனி புகைப்பட விருதில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்துக்குப் பரிசு வாங்கி, பின் அதை மறுத்தார் புகைப்படக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன். அதைப் பற்றித்தான் நிறையப் பேசினோம். என்னை உறுத்துவது பூநாரைதான். மெய்யான படத்தையும் பொய்யென்று தள்ளக் கண் பழகிவிட்டது.

பழகியதன் பலனை அதிகாரத்தில் இருப்பவர்கள் அறுவடை செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் டெட்ராய்டில் கமலா ஹாரிசுக்குக் கூடிய கூட்டத்தின் படமே செயற்கை என்றார் டிரம்ப். பல நிறுவனங்களின் கேமராக்கள் அங்கே இருந்ததால் பொய் நிற்கவில்லை. ஒரே ஒருவர் செல்போனில் எடுத்த படமாக இருந்தால்? 2023 மே 28 அன்று டெல்லியில் போராட்டத்தில் கைதான மல்யுத்த வீராங்கனைகள் போலீஸ் வண்டிக்குள் வாடிய முகத்தோடு எடுத்த செல்ஃபியில், யாரோ செயலியால் சிரிப்பை ஒட்டிவிட்டார்கள். அவர்களுடைய வேதனையே நாடகம் என்று அந்தச் சிரிப்பைக் காட்டிப் பேசினார்கள்.

ஓவியத்தில் நிலைமை வேறு. பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தைக் காட்டாமல் செய்தி போட, டைனோசரைப் பற்றிச் சொல்லித்தர, காசில்லாத சிறு பதிப்பகம் கதைப்புத்தகம் போட, படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவி உதவும். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர் ஓவியர் சில்பி. ஆனந்த விகடனில் வந்த அவருடைய கோடுகளை ஆவணமாகவே நம்பினோம். தில்லை நடராஜர் தூக்கியது இடக்கால்; மதுரை வெள்ளியம்பலத்தில் வலக்கால். இயந்திரம் எந்தக் காலைத் தூக்கிவைத்தாலும் படம் அழகாகத்தான் இருக்கும். எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது படத்தில் தெரியாது.

புகைப்படத்தின் நம்பகத்தைக் காக்க, அது எங்கிருந்து வந்ததென்று காட்டும் டிஜிட்டல் முத்திரையை எடுக்கும்போதே பதிக்கும் கேமராவை 2023இல் லைக்கா கொண்டுவந்தது. நல்ல முயற்சி. விலையோ பல லட்சம் ரூபாய். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முத்திரையும் போய்விடும். நம் பத்திரிகைகள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர், ஊர், தேதி. இயந்திரம் செய்ததென்றால் அதையும் அதே அளவு எழுத்தில், மூலையில் ஒளிக்காமல்.