எஃபிஷியன்ட்: ஆம்பூரில் நின்று ஓர் ஆங்கிலச் சொல்லை ரசிப்பது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் லைனை ஒட்டி ஒரு பலகை இருக்கும். மணிக்கு இத்தனை ஜோடி டார்கெட், முடித்தது இத்தனை, எஃபிஷியன்சி இத்தனை சதவீதம் என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். “இன்னிக்கு நம்ம லைன் எஃபிஷியன்சி இறங்கிடுச்சு” என்று டீ நேரத்தில் பேசிக்கொள்ளும் அளவுக்கு அது ஊர்ச்சொல்லாகிவிட்டது. கைவேகம் உள்ளவரை “நல்ல எஃபிஷியன்ட் ஆளு” என்பார்கள். வேலூரிலிருந்து 2019இல் பிரிந்த திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களையும் சேர்த்து, பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்கள் எல்லாவற்றிலும் இதே பேச்சுதான்.

ஒரு சொல்லை ரசிக்க அகராதி மட்டும் போதாது. அது முன்பு எங்கெல்லாம், யாரிடமெல்லாம் வேலை பார்த்தது என்று தெரிய வேண்டும். எஃபிஷியன்ட் என்ற பெயரடைக்கு ஆங்கிலத்தில் ஏறத்தாழ அறுநூறு வயது. அதன் பழைய பொருள்களை எல்லாம் இந்த வட்டாரத்திலேயே கண்ணால் பார்க்கலாம். பலகையில் எழுதியிருக்கும் பொருள் அவற்றுள் கடைசியாக வந்தது. மிகவும் குறுகியதும் அதுதான் என்பது என் கருத்து.

முதலில் அடிவேருக்குப் போவோம். லத்தீனில் ‘செய்து முடிப்பது’ என்ற வினையிலிருந்து பிறந்து, பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அப்போது இதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இது தத்துவ வகுப்பறைச் சொல். ஒரு பொருள் உண்டாக நான்கு காரணங்கள் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் வகுத்திருந்தார். ஷூவை வைத்தே சொல்கிறேன். தோல் ஒரு காரணம். லாஸ்ட் என்ற கால் அச்சும் பேட்டர்னும் தரும் வடிவம் இன்னொன்று. நடப்பதற்கு என்ற நோக்கம் மற்றொன்று. வெட்டி, தைத்து, இழுத்து ஒட்டி அதை ஷூவாக ஆக்குபவர் நான்காவது காரணம். இந்த நான்காவதுக்குத்தான் எஃபிஷியன்ட் என்ற அடைமொழி.

நமக்கு இது புதிதல்ல. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குக் குடம் உடனே நினைவுக்கு வரும். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். ஆங்கிலேயர் எஃபிஷியன்ட் என்று சொன்ன காரணம் நம்முடைய நிமித்த காரணமேதான். இரண்டு மரபும் தனித்தனியே யோசித்து, செய்பவருக்கென்று ஒரு தனி இடத்தை ஒதுக்கியிருக்கின்றன. இந்தப் பொருளில் சொல்லும்போது சதவீதத்துக்கு வேலையே இல்லை. குயவர் எண்பது சதவீதம் நிமித்த காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் இருந்தால் குடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்தப் பொருளை நன்றாகச் சுவைக்க வேண்டுமானால் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தையல் லைனை எல்லோரும் படம் எடுப்பார்கள். ஒரு ஷூவின் தலையெழுத்து அதற்கு முன்பே, வெட்டும் மேஜையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

பதனிட்டு முடித்த தோல் ஒன்றை மேஜையில் விரிக்கிறார் கட்டர். பின்பக்கத்தில் சதுர அடிக் கணக்கு குறித்திருக்கிறது. அதை அவர் பிறகு பார்ப்பார். முதலில் கையால் தடவுவார். நம் மாடுகள் முள்ளில் உரசியவை, உண்ணி கடித்தவை, சில நுகத்தடி சுமந்தவை. அந்தத் தழும்பெல்லாம் மேல்தோலில் இருக்கும். சாயம் போட்ட பிறகு கண்ணுக்குத் தப்புவது விரல் நுனிக்குத் தப்பாது. அடுத்து, தோலை உள்பக்கமாக மடித்துக் கட்டைவிரலால் அழுத்துகிறார். பெரிய சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் மேல்தோல் அடித்தோலோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஷூவின் முன்பாகத்தை வெட்டினால், நான்கு நாள் நடந்ததும் மடிப்பு அசிங்கமாகத் தெரியும்.

பிறகு இழுவை பார்க்கிறார். தோல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுபடாது. முதுகெலும்பை ஒட்டிய பின்பகுதியில், தலைக்கும் வாலுக்குமான வாக்கில் இறுக்கம். வயிற்றுப் பக்கம் போகப்போகத் திசை மாறி, தொளதொளப்பு கூடும். வாம்ப் என்று சொல்லும் முன்பாகத்தைப் பின்பகுதியின் கெட்டித் தோலில், விரல்நுனிக்கும் குதிகாலுக்குமான வாக்கில் இழுபடாதபடி வைத்து வெட்ட வேண்டும். பக்கவாட்டுப் பாகம் அதற்கு அடுத்த தரத்தில். வெளியே தெரியாத நாக்குப் போன்றவை வயிறு, கழுத்துப் பக்கத்தில். இடது கால் வாம்பும் வலது கால் வாம்பும் பக்கத்துப் பக்கத்து இடங்களிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கறுப்பிலும் இரண்டு கறுப்பு தெரியும். இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் வீணாகும் இடத்தைக் குறைத்தபடி, வெட்டும் அச்சான டையை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி வைக்கிறார். மெஷின் இறங்குகிறது. ஒரு துண்டுக்கு ஆகும் நேரம் சில விநாடிகள்.

ஒரே டை, ஒரே மெஷின். தோல் மட்டும் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆகவே ஒவ்வொரு தோலுக்கும் அவர் புதிதாக யோசித்தாக வேண்டும். அறுநூறு வருடப் பழைய பொருளில் எஃபிஷியன்ட் என்ற சொல் முழுசாகப் பொருந்துகிற ஆள் அவர்தான்.

அடுத்த பொருளுக்கு ஆங்கிலேய எழுத்தாளர் வால்டர் பாஜட்டிடம் போக வேண்டும். 1867இல் இங்கிலாந்தின் ஆட்சிமுறையைப் பற்றி அவர் எழுதிய நூல் ஒரு பிரிவினையால் புகழ் பெற்றது. ஆட்சியில் இரண்டு பாகம்: மக்கள் பார்த்து வணங்குவதற்கான கம்பீரப் பாகம், உண்மையில் வேலையை நடத்தும் பாகம். அரண்மனை முதல் வகை, அமைச்சரவை இரண்டாவது. இரண்டாவதுக்கு அவர் வைத்த அடைமொழி எஃபிஷியன்ட். வேகமானது, சிக்கனமானது என்ற நினைப்பு அதில் இல்லை. காரியம் எங்கே நடக்கிறதோ அதுவே எஃபிஷியன்ட்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோல் தொழிலின் வரலாற்றைப் பாருங்கள். ஆவாரம்பட்டை, பிற்காலத்தில் வாட்டில் பட்டை, கடுக்காய் என்று தாவரச் சரக்கில் பதனிட்ட தோல் நூறாண்டுக்கு மேலாக இங்கிருந்து ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. கிழக்கிந்தியா என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பதனிட்டது இங்கே. மெருகேற்றி, முத்திரை குத்தி, விலை வைத்தது அங்கே. தோல் ஏற்றுமதி பற்றி ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1973இல் மத்திய அரசு கச்சாத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும்தான் முழுப்பதத் தோலும் ஷூ மேல்பாகமும் ஷூவும் இங்கேயே பெருமளவில் உருவாகத் தொடங்கின. இன்றும் வெளிநாட்டுக் கடையின் கண்ணாடி அலமாரியில் மின்னும் பெயர் பாஜட் சொன்ன கம்பீரப் பாகம். எஃபிஷியன்ட் பாகம் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறது.

‘திறமையான’ என்ற இன்றைய பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மெல்ல வந்து சேர்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நம் விளம்பரங்களில் வரும் ‘செயல்திறன் மிக்க’ என்பது அதன் நிழல். பக்கத்தில் இருக்கும் ப்ரொடக்டிவ் என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். ஆடம் ஸ்மித் 1776இல் உழைப்பை அந்தச் சொல்லால் இரண்டாகப் பிரித்தார். உழைப்பு ஒரு பொருளில் தங்கி நின்றால் அது ப்ரொடக்டிவ். செய்த கணமே மறைந்துபோனால் அல்ல. அந்தக் கணக்கில் அரசர், படைவீரர், பாதிரியார், வழக்கறிஞர், மருத்துவர் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிறவர் உள்ளே இருக்கிறார்.

எஃபிஷியன்ட் என்ற சொல்லைத் திசைதிருப்பியது நீராவி எஞ்சின். கார்ன்வால் சுரங்கங்களில் ஒரு புஷல் அளவு நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்று எஞ்சின்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரரான டேவிஸ் கில்பர்ட், விசையையும் தூரத்தையும் பெருக்கி வரும் அளவுக்கு எஃபிஷியன்சி என்று பெயர் வைக்கலாம் என்று 1827இல் எழுதினார். 1850களில் ஸ்காட்லாந்தின் பொறியாளர் ராங்கின் அதை ஒரு விகிதமாக்கினார்: கிடைத்த பயனுள்ள வேலையை, போட்ட ஆற்றலால் வகுத்தால் வருவது. நம் பாடநூல்கள் ‘பயனுறுதிறன்’ என்பது இதைத்தான். நிமித்த காரணத்துக்கு இல்லாத சதவீதம் இங்கேதான் ஒட்டிக்கொண்டது. எஞ்சினுக்குப் பிறந்த அந்தச் சதவீதம் மனிதர் மேல் ஏற இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1910இல் அமெரிக்க ரயில் கட்டண வழக்கில் வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ், நிர்வாகத்தைச் சீர்செய்தால் ரயில் கம்பெனிகள் நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்று வாதாடினார். நாடு முழுக்க எஃபிஷியன்சி மோகம் பிடித்தது. மறு ஆண்டே ஃபிரெடெரிக் டெய்லரின் விஞ்ஞான மேலாண்மை நூல் வந்தது. ஸ்டாப்வாட்சை வைத்துத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளக்கும் டைம் ஸ்டடி அவர் வழி. ஆம்பூர் லைனின் பலகைக்கு அதுவே மூதாதை.

விகிதத்தை ரசிக்கத் தெரிந்தவர் மேலே இருக்கும் எண்ணைவிடக் கீழே இருக்கும் எண்ணைப் பார்ப்பார். எதை எதால் வகுத்தார்கள்? தோல் பதனிடும் டேனரியை எடுத்துக்கொள்வோம். உப்பிட்ட பச்சைத் தோல் ஒரு டன் உள்ளே போனால், தோலாக வெளியே வருவது கால் டன் அளவுதான். மீதி மயிராக, சதையாக, கழிவாகப் போகிறது. வழக்கமான முறையில், பதனிடச் சேர்க்கும் குரோமியம் உப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும்; மிச்சம் தண்ணீரோடு போகும். மணிக்கு எத்தனை தோல் என்ற கணக்கில் அற்புதமாக ஓடிய டேனரிகள், பாலாற்றையும் கிணறுகளையும் எந்த வகுஎண்ணிலும் சேர்க்கவில்லை. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சேர்த்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதும் அந்த வழக்கில்தான். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமியத்தைத் தோலிலேயே அதிகம் ஏற்றவும், தண்ணீர் இல்லாமலே குரோமியத்தால் பதனிடவும் வழி கண்டிருக்கிறது. எஃபிஷியன்ட் என்ற சொல்லை நான் மனமார வழங்குவது அப்படிப்பட்ட வேலைக்குத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆம்பூரைச் சுற்றியுள்ள தெருக்களில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூ மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். இடைத்தரகர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட். வீட்டு மின்விளக்கு, முதுகுவலி, சோறு வடிக்க எழுந்த நேரம் எதுவும் எந்தப் பலகையிலும் இல்லை. வகுஎண்ணிலிருந்து அவற்றை நீக்கிவிட்டால் சதவீதம் உயரத்தான் செய்யும். அப்படி உயர்ந்த சதவீதத்தை நான் திறமை என்று ஏற்கமாட்டேன்.

ஆகவே இந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: செய்தவர் யார், எதால் வகுத்தீர்கள்? இரண்டுக்கும் நேர்மையான பதில் வந்தால் அது நல்ல பயன்பாடு. பத்திரிகையில், அலுவலக அறிக்கையில், ஒருவரைப் பாராட்டும் கடிதத்தில் நீங்களே எழுதுகிறீர்கள் என்றால், அந்தப் பெயரடைக்குப் பக்கத்தில் அவர் செய்து முடித்தது என்ன என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த தடவை தோல் ஷூ வாங்கும்போது விலைச்சீட்டைப் பிறகு பார்க்கலாம். இரண்டு ஷூவையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன்பாகங்களை ஒப்பிடுங்கள். நிறமும் மேல்தோலின் மணிமணியான அமைப்பும் ஒத்துப்போக வேண்டும். விரல்களுக்குப் பின்னால் மடியும் இடத்தை மெல்ல அழுத்துங்கள். நெருக்கமாக, சின்னச் சின்னச் சுருக்கமாக விழுந்தால் தோலைப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். கடைக்காரரிடம் அதைச் சொல்லியே வாங்குங்கள்.