கவாத்தின் கைத்திறன்

பெங்களூருவின் அடுகோடிப் பகுதித் தெருக்களில் மாடி வீடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே தழைத்து நிற்கும் புங்கைக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் கவாத்து, அதாவது மரத்தின் நலம் கருதிக் கிளை கழித்தல், செய்பவரிடம் முதலில் ரசிக்கத்தக்கது, வாளை எடுக்குமுன் கிளையின் சாய்வையும் பாரத்தையும் அண்ணாந்து அளந்து நிற்கும் பொறுமையே. பருத்த கிளையை அவர் ஒரே மூச்சில் வெட்டுவதில்லை. அடிப்பக்கம் சிறிது அறுத்து, அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்து, பட்டை உரியாமல் பாரத்தை இறக்கிய பிறகே, எஞ்சிய கட்டையைக் கிளைக்கழுத்துக்கு, அதாவது கிளை தண்டோடு சேருமிடத்தில் சுருக்கங்களோடு புடைத்திருக்கும் வளையத்துக்கு, ஊறு நேராமல் அதன் வெளிவிளிம்பில் எடுக்கிறார்.

கரகரவென்ற வாளின் ஒலி பச்சை மரத்துக்குள் இறங்க இறங்கக் கனத்து அடங்குவதும், கவட்டையில் சுற்றிய கயிறு முனகியபடி கிளையை மதில்மேல் படாமல் இறக்குவதும், ஈரமான மரத்தூளின் மணமும் கவனித்து நிற்பவருக்குக் கிடைக்கும் இன்பங்கள். கழுத்து காக்கப்பட்ட வெட்டுவாயின் விளிம்பில் புதுத்திசு திரண்டு, ஆண்டுகள் செல்லச்செல்ல உள்நோக்கி வளர்ந்து காயத்தை மூடுகிறது. மொட்டையடிக்காமல், மரத்தின் இயல்பான உருவம் குலையாமல், வேண்டிய அளவே கழித்து நிறுத்தத் தெரிந்த அந்த நிதானம் பாராட்டுக்குரிய கலை.