கொழுகொழு குட்டியின் இடுப்பு

சென்னிமலையைச் சுற்றிய தோட்டங்களில் பெரிய நாய் இன்று ஒரு தேவையாகிவிட்டது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரத்தில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்ட செய்தி அடிக்கடி வருகிறது. இழப்பீடு கேட்டு விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்ததும் நடந்தது. தோட்டத்து வீடான சாளைக்குக் காவல் வேண்டுமென்று ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், லாப்ரடார், ராஜபாளையம் எனக் குட்டி வாங்கி வருகிறார்கள். குட்டியோடு ஒரு கால்சியம் டானிக் பாட்டிலும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதே நாய்க்கு ஏழெட்டு வயதாகி, எழும்போது பின்னங்கால் இழுக்கத் தொடங்கினால் மூட்டு மாத்திரை டப்பா வருகிறது. நாயின் மூட்டைக் காப்பது என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் இந்த இரண்டுதான். இவை எவ்வளவு தூரம் பயன்படுகின்றன, எங்கே கெடுக்கின்றன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

டானிக் பழக்கத்துக்கு நியாயமான காரணம் உண்டு. வீட்டுச் சோறும் கோழிக் கழிவுமே நம் நாய்களில் பலவற்றின் சாப்பாடு. 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கிறது. எலும்பில்லாத கறியிலும் ஈரலிலும் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. இந்தச் சாப்பாட்டிலேயே வளரும் குட்டியின் உடம்பு, தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்கிறது. கால் வளைகிறது, சின்னத் திண்ணையிலிருந்து குதித்தாலும் எலும்பு விரிசல் விடுகிறது. ராகிக் களி போட்டு வளர்த்த பழைய தோட்டத்து வழக்கம் இதில் ஓரளவு கைகொடுத்தது. ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அத்தனையும் உடம்பில் சேர்ந்துவிடாது என்றாலும் அரிசியோடு ஒப்பிட முடியாது. ஆக, சோறு தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் சேர்ப்பது சரியான காரியமே. மருத்துவர் அளவு சொல்லிவிட்டால், முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்துச் சேர்த்தாலும் போதும்.

சிக்கல் அடுத்த வீட்டில் இருக்கிறது. அங்கே குட்டிக்குப் பாக்கெட் தீவனம் போடுகிறார்கள். தரமான குட்டித் தீவனத்தில் வேண்டிய கால்சியம் ஏற்கெனவே அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் டானிக், அதன்மேல் பால். சில தோட்டங்களில் கறவை மாட்டுக்கு வாங்கி வைத்த கால்சியம் கேனிலிருந்தும் ஒரு மூடி. வளர்ந்த நாய் என்றால் மிஞ்சியதைக் குடல் உறிஞ்சாமல் விட்டுவிடும். ஐந்தாறு மாதம் வரையுள்ள குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. உள்ளே போனதில் பெரும்பங்கு ரத்தத்தில் ஏறிவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாசவிங்கல் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியம் கொடுத்து ஆராய்ந்து, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். குருத்தெலும்பு எலும்பாக மாறும் இயல்பான வரிசையே அக்குட்டிகளில் குலைந்திருந்தது. பெரிய இனக் குட்டிகளிடம் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் ஒரே ஆண்டில் அவை பல மடங்கு எடை கூடுகின்றன. ஒரு குட்டியைக் காப்பாற்றும் பாட்டில் இன்னொரு குட்டியின் மூட்டைக் கெடுக்கிறது. மருந்துக்கடையில் பாட்டிலை எடுத்துக் கொடுப்பவர், குட்டி என்ன தின்கிறது என்று கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தின் பெரிய குறை அதுதான் என்பேன்.

ஆனால் டானிக்கைவிட ஆழமான கெடுதல் ஒன்று நம் பாசத்திலேயே இருக்கிறது. குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தான் நமக்கு நிறைவு. விருந்தாளி வந்து, “என்னங்க, குட்டி வத்தலாக் கெடக்குது, சோறு போடறதில்லீங்களா?” என்று கேட்டால் வளர்ப்பவருக்கு அவமானமாகிவிடும். மறுநாள் தட்டில் இன்னொரு கரண்டி விழும். லாப்ரடார் எத்தனை கரண்டி போட்டாலும் தின்னும். அந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்த உணர்வைக் குறைக்கும் மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இந்தக் கூடுதல் கரண்டியின் விலை என்ன என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவில் பியூரினா தீவன நிறுவனம் நடத்திய ஆய்வு. 48 லாப்ரடார் குட்டிகளை, கூடப்பிறந்தவற்றையே இணை இணையாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே சாகும்வரை உணவு கொடுத்தார்கள். முடிவு 2002இல் வெளியானது. குறைவாகத் தின்றவற்றின் நடுமதிப்பு ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தொடங்க வேண்டிவந்த வயதோ 10.3லிருந்து 13.3க்குத் தள்ளிப்போனது. மூன்று ஆண்டு! எந்த மாத்திரையும் தராத மூன்று ஆண்டு. தீவனம் விற்கும் நிறுவனமே குறைவாகப் போடுங்கள் என்ற முடிவை வெளியிட்டதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடுகிறது. இதைக் கடைப்பிடிக்கக் காசு வேண்டாம். விலாவில் லேசாகக் கைவைத்தால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆட்டோடு நாளெல்லாம் நடக்கும் நாய்க்கு இந்த உடல்வாகு தானே அமைந்துவிடுகிறது. பூச்சி மருந்து பார்க்காமல் மெலிந்து கிடக்கும் நாயை இதோடு சேர்த்துவிடக் கூடாது; அது வேறு குறை.

தரையும் கவனிக்க வேண்டியது. டைல்ஸும் கிரானைட்டும் போட்ட புது வீடுகளில் குட்டி எழும்போதெல்லாம் பின்னங்கால் இரண்டு பக்கமும் வழுக்கி விரிகிறது. நார்வேயில் பெரிய இன நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகமாகவும், கட்டில்லாமல் மேடுபள்ளமான மண்ணில் திரிந்தவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. தோட்டம் வைத்திருப்பவர்கள் இதில் பாக்கியசாலிகள், நாயைப் பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடாமல் இருந்தால். ஊருக்குள் இருப்பவர்கள் நாய் நடமாடும் இடத்தில் பழைய ஜமுக்காளத்தை நகராதபடி விரித்து வைக்கலாம். தறி ஓடும் ஊரில் அதற்கா பஞ்சம்! நீச்சலும் மூட்டுக்கு நல்லது, எடை தாங்காமல் தசை வலுக்கும். ஆனால் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது இழுப்பு அதிகம், பக்கத்திலுள்ள ஒரத்துப்பாளையம் அணையோ திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்டுப்போனது. நம் நாய்களுக்கு நல்ல நீர்நிலை இல்லாதது உண்மையான வருத்தம்.

மூட்டு மாத்திரைக்கு வருவோம். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் கலந்த மாத்திரைகளால் பெரிய தீங்கில்லை. நாயை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்கவும் அவை சிலரைத் தூண்டுகின்றன. பயன்? சில சிறிய ஆய்வுகள் நன்மை சொன்னாலும், பல ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வெளிவந்த மதிப்பீடு, வலி குறைக்க இவை உதவவில்லை என்றே முடித்தது. அதே மதிப்பீட்டில் தேறி நின்றது ஒமேகா 3 கொழுப்பு. மாதாமாதம் மாத்திரைக்குப் போகும் காசில் மத்தி மீனை முள் குழையக் குக்கரில் வேகவைத்துக் கொடுப்பது மேல். அந்த அளவுக்குச் சோற்றைக் குறைக்கவும் வேண்டும். ஆட்டுக்கால் சூப்பில் பலருக்கு அசையாத நம்பிக்கை. எலும்பைக் கொதிக்கவைத்த நீரில் இறங்கும் கால்சியம் மிகக் கொஞ்சம், கொழுப்புதான் மிதக்கிறது. நம் கைப்பக்குவப்படி சின்ன வெங்காயம் தட்டிப் போட்டிருந்தால் இன்னும் மோசம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

மாத்திரை டப்பா தீரட்டும் என்று காத்திருக்கும் மாதங்களில் நாய் வலியோடு கிடக்கிறது என்பதே எனக்குப் பெரிய உறுத்தல். நாய் வலியை ஊளையிட்டுச் சொல்வதில்லை. வாசல் வரை வராமல் படுத்தபடியே வாலாட்டும், அவ்வளவுதான். பொறுக்க முடியாமல் வீட்டிலுள்ள டிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரையை யாராவது கொடுத்துவிட்டால் வயிற்றில் புண்ணாகி, சிறுநீரகமும் கெடும். நாய்க்கென்று கால்நடை மருத்துவர் எழுதும் வலிமருந்துகள் இருக்கின்றன. எடை குறைப்போடு சேர்ந்தால் அவை நன்றாக வேலை செய்கின்றன.

இவ்வளவுக்கும் முன்னால் நிற்பது பரம்பரை. குட்டி வாங்கும்போது கெனல் கிளப் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறோம். அது வம்சத்தைச் சொல்லுமே தவிர இடுப்பைச் சொல்லாது. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய எலும்பு மூட்டுப் பதிவு அமைப்பு, இரண்டு வயது நிறைந்த நாயின் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகே இறுதித் தரம் தருகிறது. எக்ஸ்ரே எடுக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் போய்வரும் தூரந்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் விற்பவரிடம் கேட்கலாம். இல்லையென்றால், தாய் நாயைப் படுத்த இடத்திலிருந்து எழுப்பி, பத்தடி நடக்கவிட்டுக் காட்டச் சொல்லலாம்.