குருதி வேட்கையின் தோற்றக் காரணம்: பழையனூர் நீலி கதையும் வெகுசனப் புனைவும்

திறவுச்சொற்கள்: நீலி, பேய், குருதி வேட்கை, தொற்று, முறையீடு

முன்னுரை

குருதி குடிக்கும் பேயைப் படைக்கும் புனைவு, அப்பேய் எவ்வாறு தோன்றியது என்னும் வினாவை எதிர்கொண்டாக வேண்டும். அதற்குக் கூறப்படும் விடையே கதையில் குற்றவாளி யார் என்பதையும் முடிவு செய்கிறது. மேலைப் புனைவுகள் தரும் விடைகளைத் தொண்டைநாட்டு நீலி கதையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மேலைப் புனைவுகள்

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897), கடிபட்டவர் பேயாவதை விரிவாகக் கூறுகிறது. டிராகுலா பிரபு அந்நிலையை அடைந்த விதத்தைக் குறிப்பாக மட்டுமே சுட்டுகிறது. ரிச்சர்ட் மாத்திசனின் ‘ஐ ஆம் லெஜண்ட்’ (1954) பாக்டீரியாவைக் காரணமாக்குகிறது. ஆன் ரைஸின் ‘தி குவீன் ஆஃப் தி டேம்ன்ட்’ (1988) எகிப்திய அரசியின் உடலுள் ஓர் ஆவி புகுந்ததைக் கூறுகிறது. மூன்றிலும் வேட்கை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் பரவுகிறது. பாதிக்கப்பட்டவரே அடுத்த கொடுமையைச் செய்பவராகிறார்.

நீலி கதை

நீலி கதையின் வடிவங்கள் பெயர்களிலும் நிகழ்ச்சிகளிலும் வேறுபடினும் மையம் ஒன்றே. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். மறுபிறப்பில் காஞ்சிபுரத்து வணிகனான அவனைத் தொடர்ந்து திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கு வருகிறாள். மனைவி எனக் கூறி ஊரவையில் முறையிடுகிறாள். வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்பி, வணிகனின் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக்குகின்றனர். அவன் கொல்லப்பட்டதும் தீப்பாய்கின்றனர்.

இங்கு வேட்கைக்குக் காரணம் நோயுமன்று, ஆவியுமன்று. ஒருவன் செய்த கொலை. நீலியால் இறந்தவன் பேயாவதில்லை. எனவே பழி பரவுவதில்லை, செய்தவனிடமே திரும்புகிறது. நீலியின் முறையீடு இப்பிறப்பின் வழக்கில் பொய். முற்பிறப்பின் வழக்கில் மெய். அவையின் பிழையே தாமதித்த நீதிக்கு வழியாகிறது.

இலக்கியங்கள் இக்கதையை வெவ்வேறாகக் கையாண்டன. உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம் வேளாளரின் வாய்மையைப் போற்றுகிறது; அப்போற்றுதலில் முதற்கொலை பின்னுக்குச் செல்கிறது. சமண நூலாகிய நீலகேசி, பழையனூர் நீலியை அறவுரையால் கொல்லாமை நெறிக்குக் கொணர்ந்து வாதத்தில் வல்லவளாக்குகிறது. முன்னது அவள் பழையைக் கேட்கவில்லை. பின்னது அவள் வேட்கையைத் தணித்ததேயன்றி அதன் காரணத்தை விசாரிக்கவில்லை.

இக்காலப் புனைவு

நாகர்கோவில் பகுதியில் வழங்கும் கள்ளியங்காட்டு நீலியை, 2025-இல் வெளிவந்த ‘லோகா’ என்னும் மலையாளத் திரைப்படம் பெங்களூருவில் வாழும் நாயகியாக்கியது. அரசன் பழங்குடியினருக்கு இழைத்த கொடுமையை அது தோற்றக் கதையில் வைத்திருக்கிறது; அதே வேளையில் அவள் ஆற்றலைப் பிறருக்கும் தொற்றக்கூடியதாகக் காட்டுகிறது. அநீதி, தொற்று ஆகிய இரு விளக்கங்களும் இங்கு இணைகின்றன. எனினும், முறையீட்டைக் கேட்டு அதற்குப் பொறுப்பேற்கும் எழுபதின்மருக்கு இணையானோர் இல்லை. நாயகி தானே தண்டிக்கிறாள், ஊர் பார்வையாளராகிறது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த இருங்காட்டுக்கோட்டை, நீலி கதை வழங்கும் நிலப்பகுதிக்கு அண்மையது. சிப்காட் தொழிற்பூங்காவை ஒட்டிய இத்தொழில்வெளியில், பிற மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் விடுதிகளில் தங்கிப் பணிபுரிகின்றனர். வெளியூர்ப் பெண்ணின் முறையீட்டை எவ்வவை கேட்கும், கேட்டவர் எதைப் பிணையாக வைப்பர் என்னும் நீலி கதையின் வினா இங்குப் பழங்கதைக்கு மட்டும் உரியதன்று.

முடிவுரை

தொற்று விளக்கம் அச்சத்தை விரிவாக்குகிறது, பொறுப்பைக் கரைக்கிறது. நீலி கதை, பேயின் தோற்றத்தை மனிதச் செயலில் வைப்பதால் பொறுப்பை நிலைநிறுத்துகிறது. வெகுசனப் புனைவு நீலியின் ஆற்றலை மட்டும் எடுத்துக்கொண்டு அவையை விட்டுவிடும்போது, அவள் அச்சுறுத்தும் உருவமாகவோ வீரநாயகியாகவோ எஞ்சுகிறாள், வழக்காடியாக எஞ்சுவதில்லை.