மறைந்த உடலும் மறையாத கையும்

'எஜென் அலி' என்னும் மலாய்ச் சித்திரத் தொடர் 2016 ஏப்ரலில் டிவி3 அலைவரிசையில் தோன்றி, 2019 நவம்பரில் திரைப்படமாக வளர்ந்து, பின்னர் புதிய பருவத்துடன் மறுபடியும் சின்னத்திரைக்கே திரும்பி, 2025 மே மாதத்தில் இரண்டாவது திரைப்படமாகவும் வந்து, கோலாலம்பூர் அடுக்குமாடிக் குழந்தைகளையும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக் குழந்தைகளையும் பேதமின்றி ஆட்கொண்டிருக்கும் இவ்வேளையில், நம்மவர் கூடும் இலக்கியக் கூட்டங்களில் ஓர் அபிப்பிராயம் நாகரிகமாகப் பரவி வருகிறது. தமிழனுக்கு அதிசய சக்தி வாய்ந்த ஒற்றன் என்கிற கதாநாயகனே கிடையாது, அந்தச் சம்பிரதாயம் நம்மிடம் இல்லாததால்தான் நம் பிள்ளைகள் அந்நிய மொழித் திரையின் முன் கண்கொட்டாமல் அமர்ந்திருக்கிறார்கள் என்பது அந்த அபிப்பிராயம். இதில் பாதி அறியாமை; மறுபாதி சோம்பல். அறியாமையை மன்னிக்கலாம். சோம்பலை மன்னிப்பதற்கு எனக்கு மனமில்லை.

ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரத்தை வகுத்துத் தந்த நூலை வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் சமூகம் நாம். உறையூருக்குள் நுழைந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தபோது கோவூர்கிழார் குறுக்கே வந்து மீட்ட சம்பவத்தைப் புறநானூறு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. பரிசில் தேடி ஊர் ஊராய் அலையும் பாணனும் புலவனுமே ஒற்றனுக்கு உகந்த வேஷங்கள் என்பதை அரசர்கள் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை. பிற்காலத்தில் கல்கி படைத்த ஆழ்வார்க்கடியான் நம்பியைப் பற்றிச் சொல்லத் தேவையே இல்லை. முன்குடுமியும் கைத்தடியும் வைஷ்ணவ வாதமுமாக ஊர் சிரிக்கத் திரியும் அந்த மனிதன், அநிருத்தப் பிரம்மராயரின் கண்ணும் காதுமாக இருந்தான் என்பதை, சிரித்துக்கொண்டே வாசித்த வாசகர்களில் எத்தனை பேர் ஆழ்ந்து யோசித்தார்கள்?

ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் இலண்டன் மூடுபனியைச் சென்னைப் பட்டணத்து வீதிகளில் இறக்கிவைத்த காலத்தை நான் விரைந்து கடந்து விடுகிறேன். அவர்களுடைய துப்பறிவோர் குற்றவாளியைத் தேடினார்களேயன்றி, இராஜ்ய ரகசியத்தைத் தேடவில்லை. ஒற்றனைச் சர்வதேச வீதிக்கு அழைத்துச் சென்றவர் 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன்தான். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகத் தம்மையே ஒரு மர்மக் கதாபாத்திரமாக்கிக்கொண்ட அந்த மனிதர், தனித்தமிழில் அத்தனை பற்று வைத்திருந்தும் தம் நாயகனுக்குச் சங்கர்லால் என்று வடநாட்டுப் பெயர் சூட்டியதை இன்றும் எண்ணிப் புன்னகைக்கலாம். சங்கர்லால் தேநீர் பருகிக்கொண்டே சிக்கல்களை அவிழ்ப்பவர். தேயிலை மலையில் வாழும் நாம் அந்த ஒரு காரணத்துக்காகவாவது அவருக்குக் கடமைப்பட்டவர்கள். ஆனால் அவர் தவறவே மாட்டார், தோற்கவே மாட்டார், தம்மைத் தாமே ஒரு முறையும் சந்தேகிக்க மாட்டார். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று ஜெய்சங்கரும், 'ரகசிய போலீஸ் 115' என்று எம்.ஜி.ஆரும் திரையில் நடமாடவிட்ட ஒற்றர்களும் இந்தக் குறையற்ற வார்ப்பிலேயே பிறந்தவர்கள். குறையற்றவனுக்குக் கைதட்டலாம், அவனோடு வாழ முடியாது.

இந்தக் களத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான பாத்திரத்திற்கு இப்போது வருகிறேன். 1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், முல்லை தங்கராசனின் ஆசிரியப் பொறுப்பில், தன் முதல் இதழாகவே வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யைத்தான் சொல்கிறேன். அது இங்கிலாந்துச் சரக்கு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 1962இல் 'வேலியண்ட்' என்னும் வாரப் பத்திரிகையில் கென் பல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ வரையத் தொடங்கிய கதை அது. அங்கே அது பல தொடர்களுள் ஒன்றாக இருந்து அடங்கிற்று. இங்கேயோ ஒரு தலைமுறைக்கே வீரன் என்றால் அவன்தான் என்று நிலைபெற்றது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மொழிபெயர்ப்பின் சாமர்த்தியம் மட்டும் அன்று. அந்தப் பாத்திரத்தின் ஆகிருதியிலேயே அதன் காரணம் இருக்கிறது.

லூயிஸ் கிராண்டேல் பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் சாதாரண உதவியாள். விபத்தொன்றில் வலக்கையை இழந்தவன். அதற்குப் பதிலாக இரும்புக் கையொன்று பொருத்தப்படுகிறது. பிறகொரு நாள் உயர் அழுத்த மின்சாரம் அவன்மேல் பாயும்போது உடல் முழுதும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்த இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. கறுப்பு வெள்ளைப் பக்கமொன்றில், சுவரிலுள்ள மின்செருகியை நோக்கி இரும்பு விரலொன்று நீள்வதையும், அடுத்த கட்டத்தில் கோட்டும் மனிதனும் இருந்த இடம் வெறுமையாகி, அந்தரத்தில் ஒரு கை மட்டும் கதவின் கைப்பிடியைத் திருகுவதையும் ஒருமுறை பார்த்தவன் ஆயுளுக்கும் மறப்பதில்லை. பிளாஸ்கோவின் தூரிகை அந்தக் கையின் ஒவ்வொரு கணுவிலும் உலோகத்தின் கனத்தை ஏற்றியிருந்தது. கவனிக்க வேண்டியது இது: அவனுடைய சக்தி அவனுடைய ஊனத்திலிருந்து பிறந்தது. அந்தச் சக்தி கிடைத்தவுடன் அவன் தரும சீலனாகிவிடவில்லை. முதலில் கெட்டுப் போகிறான், திருடுகிறான், ஊரை மிரட்டுகிறான். வெகு தாமதமாகத்தான் திருந்தி, தமிழ் வாசகர் 'நிழற்படை' என்று அறிந்த ஒற்றர் ஸ்தாபனத்தில் சேர்கிறான். எங்கும் நுழையக் கூடியவன், ஆயினும் முழுமையாக மறைய இயலாதவன். எந்த வேளையிலும் அந்தக் கை அவனைக் காட்டிக் கொடுத்துவிடலாம். சங்கர்லாலிடம் இல்லாத அபாயம் இது. அபாயம் உள்ள இடத்தில்தான் கதை உயிரோடிருக்கும்.

தோட்டத்துத் தமிழனுக்கு இந்தச் சித்திரத்தை விளக்க வேண்டிய அவசியம் உண்டா? 1929இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் திறந்த நாள் முதல், அந்தச் சரிவுகளிலிருந்து உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் கொழுந்து கிள்ளிய கை மட்டுமே. அந்தக் கைக்குப் பின்னாலிருந்த உடல், பெயர், பசி, பேச்சு எதுவும் பெரட்டுக்களத்தைத் தாண்டி வெளியே தெரிந்ததில்லை. இப்போது கையின் வேலையைக் கத்தரியும் இயந்திரமும் எடுத்துக்கொள்ள, அவற்றைப் பிடிப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வர, நம்மவர் பெரும்பாலும் பட்டணங்களுக்கு இறங்கிவிட்டார்கள். இப்படிக் கை மட்டுமே தெரிந்த நம் கதையையே சொல்லும் மாயாவியை நம் எழுத்தாளர்கள் சிறுபிள்ளைச் சமாசாரம் என்று ஒதுக்கியது எனக்கு ஆறாத வியாகுலம்.

அதன் பின் நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1984இல் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் மாடஸ்டி பிளைஸியையும் ஸ்பைடரையும் கொண்டுவந்து அந்தச் சபையை விஸ்தரித்தது. 1986இல் சுஜாதாவும் கமல்ஹாசனும் 'விக்ரம்' மூலம் ஏவுகணையையும் கணிப்பொறியையும் புகுத்தி ஒற்றனை நவீனமாக்கினார்கள். முதற்பாதியில் நிஜமான ஒற்றர் கதையாக விறுவிறுத்த அது, சலாமியா என்கிற கற்பனை நாட்டில் காலெடுத்து வைத்ததும் நகைச்சுவை நாடகமாகக் கரைந்து போயிற்று. 36 வருஷம் கழித்து அதே பெயரோடு வந்த படத்தில் துப்பாக்கிகளின் எண்ணிக்கை பெருகியிருந்தது. பெட்டிக்கடைதோறும் தொங்கிய மாத நாவல்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றுள் சில நல்லவை, அவசரமாக எழுதப்பட்டவை பல.

மலேசியத் திரைக்கு வருவோம். 1998இல் ஆர்.டி.எம். ஒளிபரப்பிய 'கெலுவாங் மேன்' தொடரின் நாயகன் போர்ஹான், ஜோகூரின் தம்போய் மனநல மருத்துவமனையில் ஒரு நோயாளி. இரவானால் வௌவால் வேஷம் தரித்து ஊரைக் காக்கப் புறப்படுவான். அமெரிக்க வௌவால் மனிதனைக் கேலி செய்யவே பிறந்த அந்தச் சிருஷ்டி, கேலியைத் தாண்டி ஒரு கருணையைத் தொட்டது. பைத்தியம் என்று சமூகம் பூட்டி வைத்தவனே இரவில் அந்தச் சமூகத்தைக் காவல் காக்கிறான் என்ற எண்ணத்துக்கு முன்னால் பல பெரிய படங்கள் சிறுத்துப் போகும். 2025இல் அவனும் திரைப்படமாகத் திரும்பி வந்தான்.

அதன் பின் 2011இல் 'போபோய்போய்' வந்தது. நம் பிள்ளைகள் அதில் தங்களைத் திரையில் கண்டார்கள். அதனாலேயே எனக்கு அதன்மேல் கோபம். கோபால் என்ற தமிழ்ப் பையனுக்கு அந்தத் தொடர் அளித்த குணம் பயம். அளித்த அதிசய சக்தி, கண்ட பொருளையெல்லாம் தின்பண்டமாக மாற்றுவது. அவன் வாயில் ஓயாமல் புரளும் சொல் 'டேய்'. மற்றப் பிள்ளைகள் காலத்தையும் புவியீர்ப்பையும் கட்டுப்படுத்த, நம் பையனுக்கு வாய்த்தது தீனி. குழந்தைகள் சிரித்து ரசிக்கிறார்கள், பெற்றோரும் ரசிக்கிறார்கள், நான் மட்டும் முகம் சுளிப்பது மூப்பின் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

'எஜென் அலி'யை நான் மதிப்பது இந்தப் பின்னணியில்தான். உசாமா ஸைட் இயக்க, வாவ் அனிமேஷன் நிறுவனம் உருவாக்கிய அந்தத் தொடரில், சைபராயா என்கிற எதிர்கால நகரத்தின் ரகசிய ஸ்தாபனமான 'மாத்தா'வுக்குத் தலைவராக இருப்பவர் ராமா; மறைந்து செயலாற்றும் 'இன்விஸோ' பிரிவுக்குத் தலைவி கீதா. யாரும் அவர்களைக் கண்டு சிரிப்பதில்லை. அவர்கள் உத்தியோகஸ்தர்கள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற நிலையை அடைய நம் பாத்திரங்களுக்கு எத்தனை வருஷம் பிடித்தது! அலியோ தற்செயலாக ஐரிஸ் என்னும் கண்சாதனத்தை அணிந்துகொண்டு, அது தன்னோடேயே பிணைந்துவிட்டதால் வேறு வழியின்றி ஒற்றனாக்கப்பட்ட 12 வயதுச் சிறுவன். தகுதியால் அல்லாமல் விபத்தால் வீரனானவன். முதல் திரைப்படத்தில் அந்த ஐரிஸின் புதிய பிரதிகள் மற்றவர்களுக்கும் தயாராகும்போது, தனக்கென்று இருந்த ஒரே பெருமையும் பறிபோனவனாக அவன் தவிக்கிறான். சாதனம் இல்லாத நான் யார் என்று அவன் கேட்டுக்கொள்ளும் கேள்வி, மின்சாரம் இறங்கிய பின் மாயாவி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியே. சிவகாசியில் 1972இல் அச்சேறி நாம் கைவிட்ட இழையை, நம்மை அறியாத மலாய்க் கலைஞர்கள் தாமாகவே வேறொரு முனையிலிருந்து பற்றியிருக்கிறார்கள்.

பருவம் பருவமாகத் திரும்பி வருவது வியாபாரத் தந்திரம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விமர்சகர்களையும் அறிவேன். வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்ற சொல்லுக்காக ஏங்கி வளர்ந்த நமக்கு அந்த முகத்திருப்பல் பொருந்தாது. திரும்பி வருகிறவன் முன்பு பட்ட காயத்தோடு வர வேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை. ஒவ்வொரு வருகையிலும் வில்லன் பெருத்து, கட்டடங்கள் அதிகமாக இடிந்து, நாயகன் மட்டும் கீறலின்றி நிற்பானாகில் அதற்குப் பருவம் என்ற பெயர் தகாது.

நம் எழுத்தாளர்களின் சோம்பலுக்கு வருகிறேன். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவுக்கு அருகே 'மூன்லைட்' பங்களாவில் விருந்தினராகத் தங்கியிருந்த ஜிம் தாம்ஸன், பிற்பகலில் உலாவப் புறப்பட்டவர் திரும்பவேயில்லை. தாய்லாந்துப் பட்டை உலகெங்கும் விற்ற வர்த்தகர் என்று அறியப்பட்ட அவர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஒற்றர் ஸ்தாபனமான ஓ.எஸ்.எஸ்ஸில் பணிபுரிந்தவர். போலீஸும் இராணுவமும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகளும் காட்டை அலசியும் ஒரு தடயமும் அகப்படவில்லை. ஜப்பானிய மர்ம நாவலாசிரியர் செய்ச்சோ மட்சுமோட்டோ கடல் தாண்டி இந்தச் சம்பவத்தை எடுத்து நாவலாக்கினார். பக்கத்துச் சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த இனத்தின் எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? பங்களாவில் தேநீர் ஊற்றியவனும், தோட்டத்தைப் பெருக்கியவளும், பாதையோரம் புல் வெட்டியவனும் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். அவர்களை யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஒற்றனுக்கு முதல் தகுதி அதுவன்றோ!

அதற்கும் முந்தியது பினாங்குக் கதை. 1942இல் அங்கே சுவராஜ் பயிற்சி நிலையத்தில் ஒற்றர் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர்கள் சிலர், ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏறி, செப்டம்பர் மாதத்தில் மலபார்க் கரையில் தானூருக்கு அருகே இறங்கி, இறங்கியவுடனேயே பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறைச்சாலையில் தூக்கிலிடப்பட்டனர். அதிசய சக்தி ஏதும் இல்லாதவர்கள், முதல் பணியிலேயே தோற்றவர்கள். ஒரு தொடரின் முதல் பருவத்துக்கு இதைவிடக் கனமான ஆரம்பம் எந்தக் கற்பனையில் கிடைக்கும்?

ஆகவே இந்நாட்டுத் தமிழ் இதழாசிரியர்களுக்கும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களுக்கும் என் விண்ணப்பம் இது: நமக்கு ஒற்றன் இல்லை என்று மேடையில் வருந்துவதை நிறுத்திவிட்டு, மூன்லைட் பங்களாவுக்கோ பினாங்குக் கடற்கரைக்கோ ஓர் இளம் எழுத்தாளனை அனுப்பி, 13 வாரத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுங்கள், அவன் படைக்கும் நாயகன் முதல் வாரத்திலேயே ஒரு பிழை செய்யட்டும்.